மூன்று டம்ளர் தண்ணீர்

3.2.2025, திங்கள்

மனம் படபடக்கிறது. வரிசையாக எழுதினால் அடங்கும்.

1. சேனல் சொன்னது.
2. நான் செய்தது.
3. நான் எந்தப் பக்கமும் சாயாதவன். ஆதாரம் எதைச் சொன்னாலும் ஏற்பவன்.
4. இனிச் செய்ய வேண்டியது.

ஒன்று: நான் தினமும் பார்க்கும் சேனலில், கோவைக்குக் கிழக்கே ஒரு மாவு மில்லில் மிளகாய்த் தூளில் சாயம் கலக்கிறார்கள் என்றார்கள். மில்லின் பெயர் இல்லை, படம் இல்லை. முதலாளியின் மதத்தை மட்டும் நான்கு முறை சொன்னார்கள்.

இரண்டு: அதை வீதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘நம் சிங்காநல்லூரா?’ என்று கேள்விக்குறியோடுதான். சற்று நேரத்தில் யாரோ அப்துல் குத்தூஸ் பெயரை எழுதினார்கள். வீதி முனையில் மில் வைத்திருப்பவர். நான் மறுக்கவில்லை. கேள்விதானே கேட்டேன்?

5.2

மனைவி சுப்பாத்தாள் மிளகாய் அரைத்து வந்தாள். மில்லில் இவள் ஒருத்திதானாம். குத்தூஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

நம் மிளகாயை நாமே காயவைத்துக் கொண்டுபோய், தும்மிக்கொண்டே பக்கத்தில் நின்று அரைத்து வாங்குகிறோம். இருபத்திரண்டு வருடமாக. அதில் அவர் எப்போது சாயம் கலப்பார்? இது எனக்கு அன்றே ஏன் தோன்றவில்லை?

6.2

நூற்பாலை ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். ஒரு டம்ளர் கேன் தண்ணீரில், சுப்பாத்தாள் அரைத்து வந்த தூளைத் தூவினேன். சாயம் இறங்கவில்லை. ஒரு சோதனை போதாது.

7.2

போர்வெல் தண்ணீரில். இறங்கவில்லை.

8.2

சிறுவாணிக் குழாய்த் தண்ணீரில், மூன்றாவது. இறங்கவில்லை. சுப்பாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னும் எத்தனை டம்ளருங்க வேணும்? டிவிக்காரன் சொன்னதுக்கு ஒரு டம்ளராச்சும் வெச்சீங்களா?”

10.2

மில்லுக்குப் போனேன். எந்திரம் ஓடவில்லை. குத்தூஸின் மகன் சஹீர் அதை விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறானாம். இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளப் போகிறார்களாம்.

குத்தூஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்க சார். குரூப்புல கேள்வி கேட்டீங்களாமா. எங்கிட்டயே கேட்டிருக்கலாமுங்களே.”

உட்கார்ந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

12.2

குழுவில் எழுதினேன், கேள்விக்குறி இல்லாமல்: ‘அந்த வதந்தியைக் கிளப்பியவன் நான். குத்தூஸ் மில்லில் தவறில்லை.’ ‘சாரும் சேனல் மாத்திட்டாரு’ என்று ஒருவர் போட்டார். எட்டுப் பேர் சிரித்த முகம் வைத்தார்கள்.

பிறகு இரண்டு கிலோ மல்லியோடு போய் மில்லில் உட்கார்ந்தேன். பதினொன்றரை வரை வேறு யாரும் வரவில்லை. எனக்காக மட்டும் எந்திரத்தை ஓட்டினார்.

மூன்றாம் தேதி எழுதிய பட்டியலில், சாயாதவன் என்ற மூன்றாவது வரி தவறு. முதல் டம்ளரிலேயே சாயம் இறங்கியிருந்தால், இரண்டாவது டம்ளரை எடுத்திருக்கவே மாட்டேன்.