ஒரு நேரத்தில் ஒரே சுரம்

மே 4, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஃபேன் அடிப்பது அனல். எனக்கு இன்று லீவு.

டிரைவர் குமார் நேற்று எனக்கென்று வைத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்தேன். அவன் கார் ஓட்டிய ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. குமார் வீட்டில் அதன்மேல் இஸ்திரித் துணி அடுக்கியிருந்தார்களாம். உள்ளே ஒரு பழைய அனலாக் சிந்தசைசர். என்னைவிட வயதில் மூத்தது. கீபோர்டு மாதிரிக் கட்டைகள், நிறையக் குமிழ்கள். திரை இல்லை. புல்லாங்குழல், வயலின் என்று ரெடிமேட் டோன் ஒன்றும் இல்லை. சத்தத்தை நாமே திருகித் திருகி உண்டாக்க வேண்டும்.

துடைத்தபோது வந்தவை: செத்த கரப்பான் இரண்டு, ஊக்கு, ஒரு பிஞ்சுக் குழந்தையின் சாக்ஸ்.

நம் கரண்டில் நேரே செருகினால் கருகிவிடும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். பிளான்ட்டில் நாளெல்லாம் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ்தானே, அதுவாவது வீட்டுக்கு உதவட்டும்.

முதல் சுரம். காதுக்கு வரும்முன் தரைக்கு வந்தது. யாரோ நெஞ்சுக்குள்ளிருந்து 'ம்' கொட்டுவது மாதிரி. அரை மணி நேரம் அதே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

மனைவி ரெஜிக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். படுத்தாள். தூங்கவில்லை. எதிரில் புது ஹாஸ்டல் கட்டுகிறார்கள், கம்பி வெட்டும் சத்தம்.

மே 5, செவ்வாய்

பாபு அண்ணன் வந்தார். அவருடைய மெல்லிசைக் குழுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கீபோர்டு. புதுப் பெட்டியைக் காட்டினேன். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். ஒன்றுதான் கேட்டது.

"இன்னாடா இது? ஒண்ணு பேசுனா இன்னொண்ணு வாய மூடிக்குது?"

"ஒரு நேரத்துல ஒரு சுரம்தாண்ணா வரும்."

"கல்யாணத்துல மூணு கட்டையச் சேத்து கார்டு புடிக்கணுமே, வாயாலயா புடிப்ப? தாம்பரத்துல ஒருத்தர் கீறாரு, பழைய சாமானுன்னா உசுரு. இத்த குட்த்துட்டு புது கீபோர்டு வாங்கிக்கலாம். நான் பேசறேன்."

என் பழைய கீபோர்டில் நாலு கட்டை செத்துவிட்டது. சரி என்றேன். அவர் போனதும் மறுபடி அந்த ஒரு கட்டையையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

மே 6, புதன்

எழுதவே கை வரவில்லை.

ரெஜி லைனில் நின்றபடியே கண் அசந்திருக்கிறாள். கை, தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குள் போக இருந்ததாம். பக்கத்தில் நின்ற பெண் பிடித்து இழுத்திருக்கிறாள். சூப்பர்வைசர் வார்னிங். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முகம் வெளிறிக் கிடந்தது. தப்பிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஊருக்குப் போயிடுதேன். ஒரு மாசமாது போயி தூங்கிட்டு வாறேன்."

அவள் ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. ஒரு மாதம் லீவு போட்டால் வேலை இருக்காது. இரண்டு பேருக்கும் தெரியும். ஜன்னலில் போர்வையை ஆணி அடித்து மாட்டினேன். இருட்டு வந்தது, சத்தம் போகவில்லை.

மே 7, வியாழன்

எனக்கு பி ஷிப்ட், மதியம் கிளம்பினால் போதும். அவள் உள்ளே புரண்டுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் சத்தத்தை ரொம்பக் குறைத்து, ஒரு கட்டை அமுங்கியே இருக்க இடுக்கில் அட்டையைச் செருகி வைத்து சிந்தசைசரை நோண்டினேன். 'நாய்ஸ்' என்று ஒரு சுவிட்ச். போட்டால் சுரம் எதுவும் இல்லாத வெறும் இரைச்சல், பழைய டி.வி.யில் சேனல் போய்விட்ட மாதிரி. கூர்மையை மழுக்கும் குமிழைத் திருகினேன். மழை ஆனது. இன்னொரு குமிழ், சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குவது. அதையும் சேர்த்தேன்.

கதவு திறந்தது. தலை கலைந்து ரெஜி.

"என்னங்க அது?"

"தொந்தரவா? நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க." பக்கத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "எங்கூரு அலை இப்படி அவசரப்படாது. போனது திரும்பி வர நேரமெடுக்கும்லா. எதைத் திருவணும்?"

காட்டினேன். இந்த நாலு நாளில் அந்தப் பெட்டிமேல் அவள் கைபட்டது அப்போதுதான். கண்ணை மூடிக்கொண்டு திருகினாள். மெதுவாக்கி, இன்னும் மெதுவாக்கி. பிறகு மழுக்கும் குமிழில் ஒரு முடி அளவு. "ம். இப்பதான்."

அங்கேயே தரையில், என் லுங்கியைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். எதிரில் கம்பி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அலைக்கு அடியில் அது எங்கேயோ கிடந்தது.

டூட்டிக்குக் கிளம்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பெட்டியை அணைக்காமல் கிளம்பினேன். கரண்ட் போகக் கூடாது சாமி.

மே 8, வெள்ளி

இன்றும் தூங்கினாள். எழுந்து, தானே தோசை சுட்டு ஐந்து தின்றாள்.

கீழே வீட்டு ஓனர் அக்கா: "மேல இன்னாப்பா, மோட்டார் ஓடிக்கினே கீது? டேங்கு ரொம்பி வழியப்போவுது." கடல் சத்தம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பாபு அண்ணனுக்கு போன். பெட்டியைக் கொடுப்பதற்கில்லை. திட்டு. நாளை மறுநாள் மணிமங்கலம் கல்யாணத்துக்கு கீபோர்டுக்கு வேறு ஆள் சொல்லிவிட்டாராம். "நீ வூட்லயே கீ." வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அவரே: பேஸ் கிடார் பையனுக்கு ஓ.டி., வர முடியாதாம். "பேஸுக்கு ஒரு சுரம் போதும் இல்ல? அந்தப் பொட்டியத் தூக்கினு வா."

மே 10, ஞாயிறு

மணிமங்கலம். பந்தலுக்குள் அடுப்பு மாதிரி சூடு. சூடு ஏறினால் இதற்கு சுருதி நழுவும். பாட்டுக்குப் பாட்டு குமிழைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மாப்பிள்ளை மேடை ஏறியபோது சுருதி கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பாபு அண்ணன் கவனித்தார்.

ஆனால் அந்த அடிச் சுரம்! பாயசக் கிளாஸ் மேஜைமேல் நகர்ந்தது. ஒரு பெரியவர் ஸ்பீக்கர்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார், இடுப்பு வலிக்கு இதமாக இருக்கிறதாம், அசைய மாட்டேன் என்று.

வயர் சுற்றும்போது பாபு அண்ணன்: "சுருதிதான் கய்தை ஓடுது. சத்தம் நல்லாத்தான் கீது." அவரிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

மே 12, செவ்வாய்

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்தது.

ரெஜி தூங்கும்போது அவள் போன் அடித்தது. மாமனார். வழக்கமாக என்னிடம் 'சௌக்கியமா, அவகிட்ட குடுங்க', அவ்வளவுதான். எடுத்துக் குரலைத் தாழ்த்தி, "மாமா, அவ தூங்குறா" என்றேன்.

பின்னால் பெட்டியில் அலை ஓடிக்கொண்டிருந்தது. அவர்: "எப்ப ஊருக்கு வந்திய?"

புரியவில்லை.

"வந்துட்டு வீட்டுக்கு வராம கடக்கரையில நிக்கிய? அவளுக்கு எங்கமேல என்ன கோவம்?" குரல் உடைந்திருந்தது.

"ஐயோ இல்ல மாமா, ஒரகடத்துலதான் இருக்கோம்." பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பிரஸ் விஷயத்தைச் சொல்லவில்லை. தூக்கம் வராததை மட்டும் சொன்னேன்.

"போனை அதுகிட்ட வைங்க."

வைத்தேன். வெகுநேரம். லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். இருந்தார். மூச்சு கேட்டது.

"மருமகனே, இது காத்தே இல்லாத கடலுல்லா. இப்ப இங்க மேக்க இருந்து வீசுத கச்சான் காத்து. கொஞ்சம் கூட்டுங்க."

மழுக்கும் குமிழைக் கொஞ்சம் திறந்து காற்றைக் கூட்டினேன்.

"இன்னும். ஆங், போதும், போதும். அவளை எழுப்பாதிய."