சனம் போடாது

செப்டெம்பர் 14, ஞாயிறு

எங்கள் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் கூட்டம். அடுத்த மாதம் கட்சியின் வேட்பாளரை அங்கத்தவர்கள் வாக்குப் போட்டுத் தெரியவேண்டும், தொகுதியில் கட்சி இரண்டாய் உடைந்து நிற்கிறது. பழைய ஆட்கள் தங்கள் வேட்பாளர் கிளிபோட் பக்கம். வாடகை, பஸ் என்று கத்துகிறவர்கள் நாங்கள். எங்களுக்குள்ளும் வேட்பாளராக நிற்க இரண்டு பேர்: கஜனி, குலசிங்கம். இருவரும் நின்றால் கிளிபோட் நோகாமல் வென்றுவிடுவார். ஒருவர் விலகவேண்டும், வெல்லக்கூடியவர் நிற்கவேண்டும். அதில் எல்லாருக்கும் சம்மதம். யார் அந்த ஆள் என்பதில்தான் தின்ன வைத்த ரோல்ஸ் ஆறிப்போகும்வரை பிடுங்குப்பாடு.

கஜனிக்குச் சட்ட உதவி நிலையத்தில் வேலை. வோபர்ன் பகுதி மாடிக் கட்டடங்களில் வாடகைக்காரரைச் சேர்த்து, ஒரு குடும்பத்தையும் வீட்டுக்காரர் வெளியேற்ற விடாமல் நின்றவர். குலசிங்கம் வீடு விற்கிறவர். பஸ் தரிப்பில் இருக்கிற வாங்குகளில் ஒட்டிய விளம்பரமெல்லாம் அவருடைய சிரிப்புத்தான்.

தமிழ் அங்கத்தவர்களுக்குப் போன் எடுத்து நாடி பிடிக்கும் பொறுப்பு எனக்கு. “வாகீசன் அண்ணை சொன்னால் கேக்கிறன்” என்று கஜனியே சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என் மனதில் கஜனிதான்.

செப்டெம்பர் 17, புதன்

முதல் போன் தில்லையம்பலம் அங்கிளுக்கு. கஜனி எப்படி என்று கேட்டேன். “கெட்டிக்காரப் பிள்ளை” என்று தொடங்கினார். என்ன படிப்பு, என்ன பேச்சு என்று புகழ்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது சரி தம்பி, பிள்ளை ஊரிலை எவடம்?”

கேட்டது எதற்கென்று எனக்குத் தெரியாதா? ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடமாகியும் சாதியை வாய்விட்டுக் கேட்காமல் கேட்கும் வழி இதுதான். தெரியாது அங்கிள் என்று சொல்லியிருக்கலாம். உது ஏன் உங்களுக்கு என்று கேட்டிருக்கலாம். ஊரைச் சொன்னேன். போதாதென்று, சந்தேகமில்லாமல் விளங்கும்படி, எந்தக் கோயிலடி என்றும் சொன்னேன்! அவர் அதைக் கேட்கவே இல்லை.

“ஓ…” என்றார். “எனக்கொண்டுமில்லை தம்பி, நான் உதுகள் பாக்கிற ஆளில்லை. ஆனா வோட்டெண்டு வந்தா சனம் போடாது.”

செப்டெம்பர் 18, வியாழன்

இன்றும் போன். அதே கேள்வி, என்னுடைய அதே பதில். எல்லாரும் நல்லவர்கள், ஒருவரும் ஒன்றும் பார்ப்பதில்லையாம். சனம்தான் பார்க்குமாம்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கஜனி நின்றால் வெல்லமாட்டா, குலசிங்கம் வெல்லுவார் என்று கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்.

“என்ன காரணம் அண்ணை?” என்று கஜனி கேட்டார். கோபமில்லை, அறியத்தான் கேட்டார். “வயது போனவைக்கு உங்களைப் பெரிசாத் தெரியேல்லை பிள்ளை. குலசிங்கத்தின்ரை முகம் எல்லாருக்கும் தெரியும்” என்றேன். பச்சைப் பொய். போன் எடுத்த வீடுகளில் எல்லாருக்கும் கஜனியைத் தெரியும், வாழ்த்தவும் செய்தார்கள்.

கஜனி என்னை ஒருமுறை பார்த்தார். “கிளிபோட் வரக்கூடாது, அதுதான் முக்கியம். நான் விடுறன்.” எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சீ!

செப்டெம்பர் 22, திங்கள்

மனைவி ரதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்: “தான் போடமாட்டன் எண்டு சொன்னது ஆர்?”

யோசித்துப் பார்த்தேன். ஒருவருமில்லை. மற்ற ஆட்கள் போடாயினம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

“அப்ப அந்த மற்ற ஆக்கள் ஆரப்பா?”

விசர்க் கதை கதையாதை என்று கத்திவிட்டேன். மனிசி சோற்றுக் கோப்பையைக் கழுவப் போனாள். எனக்கு ஏன் அவளில் கோபம்?

அக்டோபர் 5, ஞாயிறு

பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்கெடுப்பு. குலசிங்கம் தோற்றார், நல்லாய்த் தோற்றார். கஜனி அங்கத்தவராய்ச் சேர்த்த மாடிக் கட்டடத்துச் சனம் வரவேயில்லை. வந்து வீடு விற்கிறவருக்கா போடுவார்கள்? கிளிபோட்டின் ஆட்கள் விசிலடித்தார்கள்.

வாசலில் தில்லையம்பலம் அங்கிள், கோட்டெல்லாம் போட்டு. “என்ன தம்பி, அந்தப் பிள்ளை நிக்கேல்லையோ? நான் அவவுக்கெண்டெல்லோ வந்தனான்.”

“அங்கிள், நீங்கள்தானே சனம் போடாது எண்டனீங்கள்!”

“நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். அதைக் கொண்டுபோய்க் கூட்டத்திலை முடிவாச் சொன்னது நீரெல்லோ?”

மனிசன் சொன்னதில் பிழையில்லை. காருக்குள் போயிருந்து அழுதேன்.

அக்டோபர் 8, புதன்

கஜனியின் வேலையிடத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று பார்த்தேன். எல்லாரும் ஊரிலை எவடம் என்று கேட்டவை, அதுதான் காரணம் என்றேன்.

“தெரியும் அண்ணை. எங்களுக்கு இஞ்சை முதல் பேஸ்மென்ற் வாடகைக்குத் தரேக்கையும் உதைத்தான் கேட்டவை. அவை கேட்டது எனக்குப் புதுசில்லை.” பைலை மூடிவிட்டு நிமிர்ந்தார். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சரி. விளங்குது,” என்றார். “வெளியிலை ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம்.”

வீட்டுக்கு வந்து ரதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வி அந்தரத்தில் நின்றிருக்கும். வேறு யாரைத் திட்டுவது?

நவம்பர் 2, ஞாயிறு

கட்சியின் தொகுதிச் செயற்குழுவிலிருந்து விலகினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மே 9, சனி

கஜனி நகரசபைக்கு நிற்கிறார். கட்சி, குழு ஒன்றும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ரதி முதல் நாளே அவருக்கு வேலை செய்யச் சேர்ந்துவிட்டாள். நானும் வரட்டோ என்று கேள் என்று அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன்.

கஜனியின் பதில் நேற்று வந்தது. ரதி சொல்லத் தயங்கினாள். நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். “அண்ணை வரட்டும். தமிழ் ஆக்களின்ரை வீடுகளுக்கு மட்டும் அவரை அனுப்பாதேங்கோ.”

இன்று பின்னேரம் முழுக்க, தமிழர் இல்லாத தெருவொன்றில் கஜனிக்கு வாக்குக் கேட்டுக் கதவு தட்டினேன்.