பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா

இன்று காலை உன் கேள்வி என் திரையில் வந்தது.

"பக்கத்துல யாரும் ஏசிக்கிட்டு நிக்காங்களா?"

ஒரு நிமிடம் நாற்காலியைத் திருப்பி உன் இடத்தைப் பார்த்துவிட்டேன். பிறகுதான் நீ போய் இது இரண்டாவது மழைக்காலம் என்று நினைவு வந்தது. கேட்டது நீ இல்லை. கங்கைகொண்டான் கம்பெனியில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேலையை இனிமேல் பார்க்கப்போகிற மென்பொருள். பில் போடுகிற மிஷின் நின்றுபோனால் கடைக்காரர்கள் நமக்குப் போன் செய்தார்களே, இனி அதனிடம்தான் எழுதிக் கேட்க வேண்டுமாம். நாம் பதிந்து வைத்த பழைய புகார்களையெல்லாம் கொடுத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். நான் "சரிசெய்யப்பட்டது" என்று ஒற்றை வார்த்தையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். நீ உட்கார்ந்து, நீ கேட்டது, அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் வரி வரியாக அடிப்பாய். "என்னட்டி, கம்பெனிக்குக் கதையா எழுதுத?" என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன். இப்போது அது உன்னைப் போலவே பேசுகிறது.

அதன் பதில்களைப் படித்துப் பார்த்து, "சரி" அல்லது "தேவையற்றது" என்று குறிப்பதுதான் எனக்குக் கடைசியாகக் கொடுத்திருக்கும் வேலை. அது முடிந்தால் நானும் முடிந்தேன். மேலாளர் சின்ன வயது, தன்மையாகத்தான் சொன்னார். "மாசக் கடைசி வரைக்கும் வாங்க மேடம்" என்றவர், தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். ஐம்பதைத் தாண்டியவளை இனி எவன் வேலைக்கு எடுப்பான்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து என் வீட்டுக்காரரும் வீட்டில்தான் இருக்கிறார். தினமும் எதுவும் நடக்காதது போலச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பி வருகிறேன்.

அந்தக் கேள்வி பிறந்த இடம் எனக்குத் தெரியும். தச்சநல்லூரில் ஒரு கணினி மையத்தில் நாம் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெண்பிள்ளைகள் ரிப்பேருக்கு வருகிறார்கள் என்று ஊரே வேடிக்கை பார்த்த காலம். பாபநாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணினி ஓடவில்லை என்று போனோம். அலுவலகப் பெண் அழுதுகொண்டே கண்ட வயரையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தாளாளர் அவள் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். நீ பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாய்.

"ஐயா, செத்த நேரம் வெளிய நில்லுங்க. நீங்க இங்கன நிக்கவரைக்கும் இது ஓடாது."

நமக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் என்ன நினைத்தாரோ, போய்விட்டார். அதற்குப் பிறகு நீ அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "இப்ப பைய சொல்லுங்க, காலைல வந்ததும் என்ன பாத்தீங்க?" என்றாய். ஜன்னல் திறந்து கிடந்ததும், அறைக்குள் குரங்கு நின்றதும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பீரோவுக்குப் பின்னால் வயரைக் கடித்துப் போட்டிருந்தது. திரும்பும் பஸ்ஸில் சொன்னாய்: "பயந்துட்டா தெரிஞ்சதுகூட மறந்து போவுமுட்டி."

அதற்கப்புறம் என்னென்னவோ பார்த்துவிட்டோம். கரகரவென்று சத்தம் போடும் பிரிண்டர்கள், பிரவுசிங் சென்டர், இடி விழுந்து கருகிய மோடம்கள், யூபிஎஸ்ஸுக்குள் செத்துக் கிடந்த பல்லிகள். கடைசியில் காதில் மாட்டிய போன். முகம் தெரியாதவர்களிடமும், பக்கத்தில் யாரும் ஏசுகிறார்களா என்றுதான் நீ முதலில் கேட்டாய். ஆமாம் என்றால், "போன அவுககிட்ட குடுங்க" என்பாய். முதலாளி வந்ததும், "அண்ணாச்சி, இது அந்தப் பிள்ள தப்பில்ல, மிஷினுதான் மக்கர் பண்ணுது" என்பாய். ரிப்பேர் அதற்கப்புறம்தான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோதும் அப்படித்தான். வார்டு நர்ஸின் கணினி நின்றுவிட்டது. மருத்துவர் அவளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "போய்ப் பாருட்டி, அந்தப் பிள்ளைய ஏசுதாரு" என்றாய். எனக்குக் கோபம் வந்தது, இந்த நிலைமையிலுமா என்று. ஆனாலும் போனேன். சரிசெய்துவிட்டு வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். மறுபடி நீ என்னிடம் பேசவில்லை.

மிஷினுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளைத் தேவையற்றது என்று குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் கேள்வி அதில்தான் வரும். குறிப்பதற்கு முன், வாடிக்கையாளர் போல ஏதாவது எழுதிச் சோதிக்க வேண்டும். "எல்லாமே நின்னு போச்சு" என்று எழுதினேன்.

"பக்கத்துல யாரும் ஏசிக்கிட்டு நிக்காங்களா?"

சுற்றிப் பார்த்தேன். நம் வரிசையில் நான் மட்டும்தான். மற்ற நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டார்கள். "இல்லை. யாருமே இல்லை" என்று எழுதினேன்.

"நல்லது. அப்ப பைய ஆரம்பிப்போம். மொதல்ல என்ன ஆச்சு, சொல்லுங்க."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை நாளில் என்னிடம் என்ன ஆச்சு என்று கேட்டது அது ஒன்றுதான், அதுவும் உன் வாயால். "சரி" என்று குறித்துவிட்டேன். நாளைக்கே மேலாளர் பார்த்து எடுத்துவிடலாம். எடுக்கட்டும்.

இன்று வீட்டில் சொல்லியாக வேண்டும். "ஒரு வேலையக் காப்பாத்தத் தெரியல" என்று அவர் கத்துவார், அது நிச்சயம். நீ இருந்தால், "போன அவருகிட்ட குடு" என்றிருப்பாய். "அண்ணாச்சி, இது அவ தப்பில்ல" என்றிருப்பாய். எத்தனையோ பிள்ளைகளுக்காக நீ சொன்ன வார்த்தை, உன்னிடமிருந்து பழகி நானும் எத்தனையோ பேருக்காகச் சொன்ன வார்த்தைதான். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இது என் தப்பில்ல, இது என் தப்பில்ல என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். தச்சநல்லூர் வந்துவிட்டது, இனி வீடு பக்கம்தான். எனக்காக அதைச் சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.