மனதில் நின்ற வரி

28.8.2005, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமானதையும் சேர்த்து.

இன்று ‘கடுகு விதை’யில் என் கதை வந்துவிட்டது! கத்தோலிக்கக் கதை எழுத்தாளர்களின் மின்னஞ்சல் குழு அது. ஞாயிறுதோறும் ஒரு கதை. அதில் நான் ஒருத்திதான் இந்து, நான் ஒருத்திதான் பதினொன்றாம் வகுப்பு. சேர்த்துவிட்டது பக்கத்து பெஞ்சு சலேத்மேரி; அவள் அப்பா அதில் உறுப்பினர். என் கதையில் மார்த்தா, அப்பா போட்ட கடிதத்தை அம்மாவிடம் காட்டாமல் கிழித்துவிடுகிறாள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது செய்த பாவத்தை மாதா கோயில் சாமியாரிடம் அறிக்கையிடும் சடங்கில், அதைச் சொல்கிறாள். அவர் அம்மாவிடம் சொல்லிவிடுகிறார். அம்மா அடிக்கிறாள்.

30.8, செவ்வாய்

பத்தொன்பது பதில்கள். பத்தொன்பதும் ஒரே விஷயம்: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார். சரி, எனக்குத் தெரியாது! மார்த்தாவைப் பற்றி ஒரு வார்த்தை? குறை சொல்லுமுன், மனதில் நின்ற ஒரு வரியை எடுத்து எழுதவேண்டும் என்பது குழுவின் விதி. ஒருத்தர்கூட எழுதவில்லை. குழுவை நடத்தும் தைரியநாதன் ஐயாவும்தான். “நம்மவர் அல்லாதவர் கேட்டு எழுதலாமே, மகளே” என்கிறார். மகளாம்!

பிரவுசிங் சென்டர் வேடியப்பன் அண்ணன், “இன்னாம்மா, ஃபெயிலா? கீபோர்டைப் போட்டு இந்தக் குத்து குத்துற?” என்றார்.

31.8, புதன்

சலேத்மேரியிடம் சண்டைக்குப் போனேன்.

“செத்தாலும் சொல்ல மாட்டாங்கடி. டெஸ்ட்ல காப்பி அடிச்சேன்னு நான் சொன்ன வாரமே ஃபாதர் எங்க வீட்டுக்கு வந்தாரு. நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். அவரு பாட்டுக்கு முறுக்கு தின்னாரு, நாய்க்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டாரு, போயிட்டாரு.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

4.9, ஞாயிறு

தைரியநாதன் ஐயா என் கதையைத் ‘திருத்தி’ அனுப்பியிருக்கிறார். கிறிஸ்துமஸ் தொகுப்பில் இப்படிப் போடலாமாம். சாமியார் பிழை போய்விட்டது. கூடவே மார்த்தாவும் போய்விட்டாள். அழுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். என் மார்த்தா ஏத்தமாட்டா! கீழே என் பெயர் — எழிலரசி. யாரு கேட்டாங்க இவரை?

“என் பெயரை எடுத்துவிடுங்கள். தொகுப்பும் வேண்டாம்” என்று அனுப்பினேன்.

5.9, திங்கள்

பதில் இல்லை.

8.9, வியாழன்

அவர் விதியை மீறியதை எடுத்துக் காட்டலாம் என்று பழைய மடல்களைத் தேடினேன். ஜூலையில் அவர் கதைக்கு நான் எழுதிய பதில் அகப்பட்டது. ஒன்பது குறைகள், எண் போட்டு. மனதில் நின்ற வரி? இல்லை. அந்தக் கதையில் ஒரு கிழவர், இறந்துபோன மனைவியின் நனைந்த செருப்பை வெயிலில் காயவைப்பார். அது என் மனதில் நின்றதுதானே? ஏன் எழுதவில்லை?

நடந்தபடியே எழுதுவேன் என்றேன். எழுதிவிட்டேன். கோபம் குறையவில்லை. இப்போது என் மேலும் சேர்ந்துகொண்டது.

11.9, ஞாயிறு

கதையின் முடிவை நானே மாற்றினேன். வீட்டுக்கு வந்த சாமியாரிடம் அம்மா நேராகவே கேட்கிறாள்: “சாமி, எம்பொண்ணு உங்ககிட்ட இன்னா சொன்னா?” சாமியார் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார். பிறகு குடையைத் தேடுகிறார். மார்த்தா தன் வாயாலேயே சொல்லவேண்டியதாகிறது. மெழுகுவர்த்தி கிடையாது.

அனுப்பினேன். ஐயாவுக்குப் போன அந்த மடலின் மேலே, ஜூலையில் எழுதாமல் விட்ட அந்தச் செருப்பு வரி.

17.9, சனி

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து பிரவுசிங் சென்டரை நான்கு மணிக்கே மூடுகிறார்கள். ஓடினேன். ஒரே ஒரு மடல், தைரியநாதன் ஐயாவிடமிருந்து. ‘மகளே’ இல்லை. அறிவுரை இல்லை.

“எழிலரசி, மனதில் நின்ற வரி: ‘பிறகு குடையைத் தேடுகிறார்.’”

அவ்வளவுதான். கீழே என் கதை, ஓர் எழுத்துகூட மாறாமல். கோபமெல்லாம் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

“மூடணும்மா. கூட்டம் ஜாஸ்தியாச்சுன்னா என் வண்டி போவாது.”

“ஒரு நிமிஷம்ண்ணா.”

மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது, என் கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டு வேடியப்பன் அண்ணன் லைட்டுகளை அணைத்தார்.