ஆள் இருக்கிற வீடு

2000 அக்டோபர் 1, ஞாயிறு

காலையிலேயே தூறல். கிருஷ்ணாயில் விலை கூடிவிட்டது. ஸ்டவ்வில் பாதிதான் ஊற்றினேன்.

மகன் சேகர் பெங்களூரில் இருந்து வந்தான். அங்கே வனஸ்பதி கம்பெனியில் வேலை. எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் என்று ஒரு வாயு வேண்டுமாம். தண்ணீரில் கரண்டு விட்டுப் பிரிக்கிறார்கள். அந்த செக்‌ஷனில்தான் இவன்.

"ஒரு நாளைக்கு காரு, பஸ்ஸு எல்லாம் இதுல ஓடும்மா. பொகையே வராது."

"காரு ஓடறது கெடக்கட்டும். என் அடுப்பு எரியுமா, சொல்லு."

கச்சா எண்ணெயில் இருந்தும் அதே வாயு எடுத்து சிலிண்டரில் விற்கிறார்களாம். எண்ணெய் விலை ஏறியே இருந்தால் தண்ணீர் வாயுதான் கம்பெனிக்கு லாபம். இவன் வேலை நிரந்தரம். பெரிய வீடு பார்த்து என்னை அழைத்துக்கொள்வான். விலை விழுந்தால் செக்‌ஷனை மூடிவிடுவார்கள்.

ஆக, விலை ஏறச் சொல்லி நானே சாமி கும்பிட வேண்டும். நல்ல கதி.

அக்டோபர் 10, செவ்வாய்

எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தை மூடப் போவதாகப் பேச்சு. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின இந்த லைன் வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே எழுதித் தருவதாகவும் பேச்சு. ஆள் இருக்கிற வீட்டுக்கு மட்டும். பூட்டிப் போட்டால் மேலே சுரங்க ஆபீஸ் பூட்டு ஒன்று விழும். கடைசி லைனில் இரண்டு வீடு அப்படிப் போச்சு. அதனால் நான் நகரக் கூடாது. பூதிகோட்டையில் தங்கை புருஷன் செத்ததற்குப் போய், அவளோடு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாமல் பொழுது சாய்வதற்குள் ஓடி வந்தேன். சேகருக்கு நான்தான் பூட்டு.

நவம்பர் 15, புதன்

குளிர். முழங்கால் வலி. துவரம்பருப்பு தீர்ந்தது. கச்சா எண்ணெய் விலை இறங்கவில்லை. நிம்மதி.

டிசம்பர் 13, புதன்

பக்கத்து வீட்டு ராஜம்மா வாசலில். குவைத் சண்டையின்போது கிருஷ்ணாயில் வரிசையில் என் டின்னை ஓரம் தள்ளியவள். மறக்கவில்லை.

"இன்னாக்கா, கச்சா எண்ணெய் வெல விழுந்துச்சாம். டிவில சொன்னான். சந்தோசம்தானே?"

சேகர் வேலை விஷயம் தெரிந்து வேண்டுமென்றே கேட்டாள்.

ரேஷன் கடையில் கிருஷ்ணாயிலுக்கு அதே கூடின விலை.

"டிவில எறங்கிச்சே?" என்றேன் கடைக்காரனிடம்.

"அப்ப டிவிலயே போயி வாங்கிக்கோ ஆயா."

வரிசையே சிரித்தது.

டிசம்பர் 24, ஞாயிறு

பனி. மூட்டை முடிச்சோடு சேகர், மருமகள் மாலா, குழந்தை. செக்‌ஷன் மூடியாச்சு. இனி கம்பெனிக்கு வாயு சிலிண்டர் லாரியில்தான் வருமாம்.

"இங்கேருந்தே ரயில்ல போயி வேற வேலை தேடறேம்மா. வீடாவது கீதே."

சோறு வடித்தேன். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். குழந்தைக்கு ரசம் காரம். பிறகு பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தேன்.

"இன்னாமா, எங்க கெளம்பிட்டே?"

"பூதிகோட்டைக்கு. தங்கச்சிகிட்ட."

"இப்பத்தானே வந்தோம்!"

"அதான். ஆளு கீற வூடு ஆயிடுச்சில்ல."

"எப்ப வருவே?"

"கச்சா எண்ணெய் ஏறட்டும்."

மாலா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. நானும்.