உள்ளே பதினைந்து மில்லிமீட்டர்

அம்பாராவா
4 மார்ச் 1996

மதிப்பிற்குரிய ஹெர்லம்பாங் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு நீங்கள் தரகரிடம் விற்ற சிவப்புக் காரை வாங்கியவள் நான். பெயர் வினார்சி. வண்டிப் புத்தகத்தில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

முதலில் நன்றி. தரையோடு தரையாக இறக்கிய கார், போதாததற்குத் தானியங்கி கியர், அதனால் ஒருவரும் சீந்தவில்லை என்று தரகர் சொன்னார். எனக்கு இரண்டுமே வரமாகிவிட்டது. சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. என் சக்கர நாற்காலியும் உங்கள் காரின் இருக்கையும் ஒரே மட்டம். குறுக்கே ஒரு பலகையைப் போட்டு நானே நகர்ந்து ஏறிக்கொள்கிறேன். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையால் இயக்க ஒரு பட்டறையில் நெம்புகோல் வைத்துக் கொடுத்தார்கள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக, வெளியே போக யாரும் என்னைத் தூக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை. பின்னால் ஆள் உட்கார்ந்து, வண்டி பள்ளத்தில் இறங்கினால் பின்சக்கரம் மட்கார்டில் உரசுகிறது. என் அண்ணன் புர்வந்தோ, "இது காரா, கரப்பான்பூச்சியா? ஸ்பிரிங்கை மாத்தித் தூக்கிடலாம் நார்சி, அஞ்சு நிமிஷப் பேச்சு" என்கிறார். தூக்கினால் இருக்கை நான்கு விரல் உயர்ந்துவிடும். அப்புறம் நான் பழையபடி சுமைதான். காரைத் தூக்காமல் உரசலை நிறுத்த வழி இருக்கிறதா?

ஏப்ரல் முதல் தேதி சாலத்திகாவில் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்கிறேன். நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசப்போகிறவள் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் தொலைபேசி இல்லையாமே!

இப்படிக்கு,
வினார்சி

செமாராங்
11 மார்ச் 1996

அன்புள்ள வினார்சி அக்காவுக்கு,

உங்களை விட எனக்கு ஆறு வயது குறைவு, அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மனைவி லிலிஸுக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்களும் உங்க கூட்டாளிங்களும் ஸ்டைலுக்குத்தானே வண்டியைத் தரையில தேச்சீங்க? இந்த அக்கா ஒருத்திதான் ஒரு காரணத்தோட வாங்கியிருக்காங்க" என்றாள். அவள் மடியில் எங்கள் ஒரு மாதக் குழந்தை. அவள் பிரசவத்துக்காகத்தான் காரை விற்றேன்.

காரைத் தூக்கவே தூக்காதீர்கள். சக்கரத்தின் ஆஃப்செட்டை மாற்றினால் போதும். பயப்படும் சொல் இல்லை. ரிம்மின் அகலத்தில் நடுக்கோடு ஒன்று உண்டு அல்லவா? வண்டியில் போல்ட் போட்டு இறுக்கும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். இந்தக் காரைப் பொறுத்தவரை, எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். இப்போது இருப்பது இருபது.

ஒரு நூலில் நட் ஒன்றைக் கட்டி, பின் மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். டயர் நூலைத் தாண்டி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். உள்பக்கம் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதும் வேண்டும். வெளியே உரசினால் சத்தம் கேட்கும். உள்ளே உரசினால் சத்தமே இல்லாமல் டயரை அறுத்துவிடும்.

என்னிடம் இருந்தவரை அது உரசியதில்லை. புது எடையாக இருக்கலாம்.

அன்புடன்,
ஹெர்லம்பாங்

அம்பாராவா
19 மார்ச் 1996

அன்புள்ள தம்பி ஹெர்லம்பாங்குக்கு,

புது எடை என்று என்னைச் சொல்கிறீர்களா, அண்ணனையா? அவரிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு நாள் சோறு குறைத்தார்.

அளந்துவிட்டோம். மற்றவர்கள் குனிய வேண்டிய இடத்தில் எனக்கு எல்லாம் கண்மட்டத்திலேயே இருந்தது. டயர் நூலைத் தாண்டி எட்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. உள்ளே கைவிட்டு அளந்தவர் பக்கத்து வீட்டு ருக்மினி அக்கா. இருபத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி. முழங்கை வரை கிரீஸ். "வேலைக்குச் சேந்ததும் மொத சம்பளத்துல எனக்கு சோப்பு வாங்கிக் குடுடி" என்றார்.

எந்த எண் வாங்க வேண்டும், சீக்கிரம் எழுதுங்கள். வேலைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா?

அன்பு அக்கா,
வினார்சி

அம்பாராவா
26 மார்ச் 1996

ஹெர்லம்பாங் அவர்களுக்கு,

நேற்றுச் சாலத்திகா சாலையில், துந்தாங் இறக்கத்தில் இடது பின் டயர் வெடித்தது. அண்ணனும் ருக்மினி அக்காவும் பின்னால் இருந்தார்கள். வண்டி வயலோரம் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை, இறைவனுக்கு நன்றி. அண்ணன் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வேலையும் வேணாம், வண்டியும் வேணாம். நான் இருக்குற வரைக்கும் உன்னத் தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

டயர் கடைக்காரர் மட்கார்டின் உள்பக்கத்தைச் சுரண்டிக் காட்டினார். "இது இன்னைக்கு நேத்து உரசுனது இல்லம்மா. வருஷக்கணக்கா உரசியிருக்கு. மேல கருப்புப் பெயின்ட் அடிச்சி மறச்சிருக்காங்க."

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

வினார்சி

செமாராங்
30 மார்ச் 1996

அக்கா,

தெரியும். பெயின்ட் அடித்தவன் நான்தான்.

பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சக்கரத்தை வெளியே தள்ளி, எண் இருபதில் வாங்கினேன். முதல் வாரமே உரசியது. பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டினேன், கேட்டவர்களிடம் உரசவில்லை என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. பெருநாளன்று வழக்கப்படி தெரு முழுக்கப் போய்க் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டேன். காரை வாங்கியவர் யார் என்று தரகரிடம் விசாரித்திருக்கலாம். செய்யவில்லை.

இந்தக் கடிதத்தோடு நான்கு ரிம்கள் பேருந்தில் வருகின்றன. எண் முப்பத்தைந்து. சக்கரம் பதினைந்து மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளிப்பக்கம் டயர் நூலுக்கு ஏழு மில்லிமீட்டர் உள்ளே ஒதுங்கும், உள்பக்க இடைவெளியில் பத்து மிஞ்சும். ஒரே அகலம், அதே டயரை மாட்டலாம், வெடித்ததற்குப் பதில் மட்டும் புதிது வேண்டும். காரை விற்கும் முன்பே இவற்றை வாங்கிவிட்டேன். மாட்டினால் அழகு போய்விடும் என்று மாட்டவில்லை. வேறு கார் வாங்கும்போது ஆகும் என்று கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை லிலிஸும் வாசித்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக அவளே இழுத்து வாசலில் வைத்தாள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தயவுசெய்து மாட்டுங்கள்.

ஹெர்லம்பாங்

அம்பாராவா
14 ஏப்ரல் 1996

அன்புள்ள தம்பிக்கு,

நான் பிடிவாதம் பிடித்ததால், முதல் தேதி அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைபேசி அறையில் உட்கார வைத்தார். எல்லோரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள். அன்று முழுக்க உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. அண்ணனும் ருக்மினி அக்காவும் அந்த வயலில் கிடந்திருக்கலாம். அதை நீங்கள் மறக்கக் கூடாது. நானும் மறக்க மாட்டேன்.

மறுநாள் ரிம்கள் வந்தன. உங்கள் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டுமுறை வாசித்தார். "திருட்டுப் பய. ஆனா ஒத்துக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடினார்.

மாட்டி முடித்ததும் பின்னிருக்கையில் ருக்மினி அக்காவோடு அவருடைய இரண்டு தங்கைகளையும் ஏற்றினார். மூவருமே நல்ல கனம். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். ரயில் பாதையைக் கடந்தோம். துந்தாங் இறக்கத்தில் போய்த் திரும்பினோம்.

"சத்தம் வருதா அண்ணா?"

"வருது. மூணு பொம்பளைங்க பேசுற சத்தம். வேற ஒண்ணும் இல்ல."

திரும்பும் வழியில் ஙாம்பின் சாலையோரக் கடையில் நிறுத்தி எல்லோருக்கும் செராபி ஆப்பம் வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலில் கை பிசுபிசுக்க, சாவியை என் மடியில் வைத்தார்.

இப்போது தினமும் ஆறு இருபதுக்கு நானே கிளம்புகிறேன். பலகையைப் போட்டு நகர்ந்து ஏறி, நாற்காலியை மடித்து உள்ளே இழுத்து, கதவை நானே சாத்துகிறேன். நாற்காலியை மடிக்கும் வரை உங்கள்மேல் கோபம் இருக்கிறது. கதவைச் சாத்திய பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைப்பதில்லை. முதல் கடிதத்தில், தெரியாத மனிதருக்கு எழுதிய நன்றி சுலபமாக வந்தது. இது எல்லாம் தெரிந்து எழுதுகிற நன்றி. இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு லிலிஸையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். நீங்கள் மூவரும் பின்னால் உட்காருங்கள்.

என்றும் அக்கா,
வினார்சி