காதுகுத்து மேடையில் பவர் மெட்டல்

செப். 11, புதன்

காலையிலேயே புழுக்கம். லேபில் ஃபேன் ஓடவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்களின் கையில் வியர்வையைத் துடைத்துவிட்டுத்தான் நரம்பைத் தேட வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டு முன்னறையில் பயிற்சி. ஞாயிறன்று கல்லலில் ஒரு காதுகுத்து, எங்கள் குழுவின் கச்சேரி. சினிமாப் பாட்டெல்லாம் ஒழுங்காக வந்தன. கடைசியாக என் பாட்டு. ‘அவிழ்த்துவிட்ட காளை’. மஞ்சுவிரட்டைப் பற்றி நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட பவர் மெட்டல், ராக் இசையில் ஒரு ரகம். அசுர வேகம், நான் கிட்டாரில் தனியாக வாசிக்கும் ரெண்டு சோலோ, எங்கள் பாடகன் அப்பாஸின் குரல் உச்சாணிக்குப் போகும்.

பாதியில் இவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வித்தை காட்டுறே வள்ளி. நல்லாத்தான் காட்டுறே. பாட்டு எங்க?"

சுருக்கென்றது. வீட்டுக்காரராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். குழுத் தலைவராகச் சொன்னார்.

"அந்த வேகம்தாங்க பாட்டு."

"அப்ப கிரைண்டரும் பாட்டுத்தான்."

அப்பாஸ் சிரித்தான். துரோகி. பகல் முழுக்க செல்போன் கடையில் தொண்டையை அடக்கி வைத்திருப்பவன், இந்தப் பாட்டில்தான் வாய்விட்டுப் பாடுகிறான்.

இவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "போன மாசம் சாக்கோட்டைல ஒரு அம்மா மேடைக்கிட்ட வந்து, ‘தம்பி, ஒயரு எங்கயோ ஒரசுது பாருங்க’ன்னு சொல்லுச்சா இல்லையா? ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை. ஒரு ஆளு வந்து நிப்பாட்டச் சொன்னாலும் சரி, அத்தோட நம்ம மேடைல அந்தப் பாட்டு கிடையாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லித் தொலைத்தேன். வீம்பு. வேறென்ன.

செப். 12, வியாழன்

வெயில். மதியச் சாப்பாடு லேபிலேயே, புளிச்சாதம். யார் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

என் பக்கம்: நான். டிரம்ஸ் பிரிட்டோ (பைக் மெக்கானிக், இஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்தவன்).
எதிர்ப்பக்கம்: இவர். மாமியார். எதிர்வீட்டு நாய்.
ரெண்டும் கெட்டான்: அப்பாஸ்.

மாமியார் இன்று சொன்னது: "ஏத்தா, அந்த விரலுக்கு என்ன அவசரம்? எங்குட்டாச்சும் தீப்பிடிச்சிருச்சா?"

நடுவில் யாருமே இல்லை, அதுதான் இந்த இசையின் கூத்து. கேட்டவுடன் மயிர்க்கூச்செறியும், இல்லையென்றால் சிரிப்பு வரும். பரவாயில்லை ரகம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஏன்? சோகப் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள யாரும் கூச்சப்படுவதில்லை. ஜெயித்துவிட்டேன், உலகமே பார் என்று தொண்டை கிழியக் கத்தும் பாட்டுக்குத்தான் கூச்சம். பெரிய மனுஷத்தனம் தடுக்கிறது. எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஆனால் இவர் கேட்ட கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. பாட்டு எங்கே? ராத்திரிச் சமையலை முடித்துவிட்டு ரெண்டாவது சோலோவை மெதுவாக வாசித்துப் பார்த்தேன். பாதி வேகத்தில். மெட்டு இருக்கிறது. இருக்கத்தான் செய்கிறது. கொஞ்சம் நிம்மதி.

செப். 14, சனி

மத்தியானம் இடி, மழை. மொட்டை மாடித் துணி அத்தனையும் நனைந்தது. நான் முன்னறையில் கிட்டாரில் சரளி வரிசை மாதிரி ஸ்கேல் வாசித்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. மாமியாருக்கு இன்றைக்கெல்லாம் அதுதான் பேச்சு.

கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியாயிற்று. இடதுகைச் சுண்டுவிரல் நுனியில் தோல் உரிந்திருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டினால் வழுக்கும். ஒட்டவில்லை.

இவர் நாளைய பாட்டு வரிசையைப் படித்தார். என் பாட்டு எங்கே? கடைசியில். பந்தி ஆரம்பித்த பிறகு.

"எல்லாரும் எலை முன்னால உக்காந்திருப்பாக. காலி நாற்காலிக்கா வாசிக்கச் சொல்றீக?"

"காலி நாற்காலி எந்திரிச்சு வந்து நிப்பாட்டச் சொல்லாதுல்ல? ஒனக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்."

அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. தோற்றுப் போனால் கூடப் பரவாயில்லை, பாவம் பார்த்துக் காப்பாற்றுகிறாராம். தோசையைக் கருக வைத்தேன். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

செப். 15, ஞாயிறு

எழுத்து கோணல். எழுதாமல் தூக்கம் வராது.

கல்லல் மண்டபம். காலையிலேயே கூட்டம். ஜெனரேட்டர், பிளெக்ஸ், பன்னீர் செம்பு எல்லாம் வழக்கம்போல. நாலைந்து பாட்டு ஓடியிருக்கும். வாசலில் ஏதோ சலசலப்பு. மாமன் சீர் வந்து இறங்கிவிட்டது. தட்டு, பழம், பட்டு, குட்டி ஆடு, பெண்கள் வரிசை, எல்லாம் தயார். மேளத்தைத்தான் காணோம். மேளக்காரர்களின் வண்டி ரயில்வே கேட்டில் நின்றுவிட்டதாம்.

குழந்தையின் தாய்மாமனே மேடைக்கு வந்துவிட்டார். பனைமரம் மாதிரி ஆள், பட்டு வேட்டி, முகம் கறுத்துப் போயிருந்தது.

"தம்பி, மேளம் கேட்டுக்கு அங்குட்டு மாட்டிக்கிச்சு. நல்ல நேரம் போகுது. சத்தமில்லாம நான் உள்ள வந்தா, தங்கச்சிக்குச் சீரு கொண்டாந்தானா, இல்லை திருட வந்தானான்னு ஊருல கேப்பாய்ங்க. ஏதாச்சும் வாசிங்க."

இவர் சட்டென்று, "சாமி பாட்டு ஒண்ணு போட்டுருவோம்ணே."

"நான் என்ன பஜனைக்கா வாரேன்? கூரையப் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருந்தா வாசிங்க. இல்லாட்டி விடுங்க."

நான் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிரிட்டோவைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே குச்சியைத் தூக்கியிருந்தான்.

பிடித்தோம், ‘அவிழ்த்துவிட்ட காளை’யை.

மாமன் முதலில் திரும்பிப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவினார். மாலையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வாசலுக்குப் போய், தன் கூட்டத்துக்கு முன்னால் நின்று நடந்து வந்தார் பாருங்கள்! ராஜா. அப்பாஸ் "கொம்பை ஆட்டி வாரான்டா" என்று உச்சிக்குப் போனபோது, அந்த வரியை அவருக்காகவே எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வேகத்துக்கு ஆட முடியாது என்று இவர் எப்போதும் சொல்வார். பையன்கள் பாதி வேகத்தில் ஆடினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. தட்டு ஏந்திய பெண்கள் தங்களை அறியாமல் எட்டி நடக்க, ஒரு தட்டிலிருந்து ஆப்பிள்கள் உருண்டன. விசில்.

இதெல்லாம் மாமன் வீட்டுப் பக்கம். இந்தப் பக்கம் பங்காளிகள் வரிசை, மொத்தமும் காதில் விரல். ஒரு பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மண்டபம் நடுவில் கோடு கிழித்த மாதிரி ரெண்டாகி நின்றது.

ரெண்டாவது சோலோ தொடங்கும் நேரம். குழந்தையின் பெரியப்பா மேடையேறிவிட்டார்.

"நிப்பாட்டுங்கப்பா! புள்ளைக்குக் காது குத்தணும்னு வந்தா எங்களுக்குக் காது கிழியுது!"

கீழேயிருந்து மாமன்: "நிப்பாட்டாதீக! எங்க சீரு இன்னும் உள்ள வந்து முடியலை!"

ஒரு ஆள் வந்துவிட்டார், நிறுத்தச் சொல்லிவிட்டார். பந்தயம் முடிந்தது. விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. இவர் வலது கையைத் தூக்கினால் பாட்டு நிற்க வேண்டும், எங்கள் குழுவில் அதுதான் வழக்கம். இவரைப் பார்த்தேன்.

வலது கை மேலே போனது.

நெற்றி வியர்வையை வழித்தது. இறங்கிய கை கீபோர்டில் ஒரு படி மேலே போய் விழுந்தது. பாட்டின் சுருதியே ஒரு படி ஏறிவிட்டது. பயிற்சியில் இப்படி ஒரு ஏற்பாடே கிடையாது! நான் எப்படிப் பின்னால் ஓடினேனோ தெரியாது. அப்பாஸின் கண் பிதுங்கியது. பிறகு ஒரு கத்து கத்தினான், ஜெனரேட்டர்காரர் ஓடி வந்து பார்த்தார். பெரியப்பா கையைக் காட்டுகிறார், காட்டுகிறார், இவர் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே வாசிக்கிறார்.

சோலோவில் ஒரு சுரம் தவறினேன். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

முடிந்ததும் பாதி மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மீதிப் பாதி எங்களைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். பந்தியில் ஒரு அம்மா என்னைக் காட்டிப் பக்கத்தில் சொன்னது: "அந்தப் புள்ளைக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கு போல. ஆனா கையி என்னா ஓட்டம் ஓடுது!" எனக்கு அது போதும். கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "நிப்பாட்டச் சொன்னாருல்ல? ஏன் நிப்பாட்டலை?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கையி நிக்கலை" என்றார்.

செப். 16, திங்கள்

மேகமூட்டம். லேபுக்கு லீவு சொல்லியாயிற்று. சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது.

காலையிலிருந்து போன். கல்லலில் கேட்டவர்கள். ஒருவர்: "கச்சேரி நல்லாருந்துச்சு. அந்தக் காட்டுக்கத்தல் இல்லாம எங்க வீட்டுக்கு வாரீகளா?" அடுத்தவர் மாமனின் கூட்டாளி, நேமத்தான்பட்டியில் கல்யாணம்: "மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காளைப் பாட்டு. அது இல்லாட்டி நீங்களே வேணாம்." இவர் ரெண்டு பேருக்கும் சரி என்று சொன்னார். ரெண்டாவது போனில் குரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பாட்டு வரிசையில் மாற்றம். காளை இனிமேல் பந்திக்கு முன்னால். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

மாமியாருக்குத்தான் ஆற்றவில்லை. "ஒருத்தி போதாதுன்னு இப்ப இவனுமா?"

காரணம்: மத்தியானச் சாப்பாட்டிலிருந்து முன்னறையில் கீபோர்டு. என் ரெண்டாவது சோலோ. என்னோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். பாதி வேகத்தில், பக்கத்தில் டிக் டிக்கென்று தாளம் எண்ணும் மெட்ரோனோம். மூன்றாவது வரியில் ஒவ்வொரு தடவையும் இடறுகிறார். திட்டிக்கொள்கிறார். மறுபடி முதலிலிருந்து.

"வேகம் பத்தலைங்க!" இங்கிருந்தே கத்தினேன்.

"வாய் பேசாம இங்குட்டு வந்து சொல்லிக்குடு!"

போகிறேன்.